கொலைக் காட்சியில் அன்னாசி மணம்

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஓணத்துக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. திருவனந்தபுரம் ஆரியசாலையில் நான் வேலை பார்த்த வாசனைச் சரக்குக் கடையில்தான் இது தொடங்கியது. அப்போது எனக்கு இருபத்தாறு வயது. இன்றைக்கு இதைச் சொன்னால் என் வீட்டுப் பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

நான் நாகர்கோவில் பக்கத்துக்காரன். என் மூக்குக்காகத்தான் அந்தக் கடையில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். கண்ணைக் கட்டிவிட்டு சந்தனக் கட்டையைக் கையில் கொடுத்தால் எந்த மலைச் சரக்கு என்று சொல்லிவிடுவேன். சாம்பிராணியில் கலப்படம் இருந்தால் மூட்டையை அவிழ்ப்பதற்கு முன்பே மூக்கைச் சுளிப்பேன். சாலைத் தெரு முழுக்க எனக்கு 'மூக்கன்' என்றே பெயர். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

அந்த மூக்குதான் போய்விட்டது. கிடங்கில் ஏணியில் ஏறி மூட்டை அடுக்கும்போது கால் தவறி விழுந்து, பின்மண்டை கல்படியில் மோதியது. காயம் பத்து நாளில் ஆறிவிட்டது. அதற்குப் பிறகு ஒருநாள் சாப்பாட்டுக் கடையில் ரசத்தைக் குடித்தபோது வெறும் வெந்நீரைக் குடிப்பது போல இருந்தது. பரிமாறினவனிடம் சண்டை பிடித்தேன். மறுநாள் கடையில் மரிக்கொழுந்துத் தைலக் குப்பியைத் திறந்து மூக்கில் வைத்தபோதுதான் குறை ரசத்தில் இல்லை என்று புரிந்தது. குப்பியைத் தலைகீழாகக் கவிழ்த்துக் கையெல்லாம் பூசிக்கொண்டேன். ஒன்றுமே இல்லை. சுவரை மோந்து பார்ப்பது போல இருந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த பஸ்ஸில் ஊருக்குப் போக வேண்டியதுதான். மணம் தெரியாதவனுக்கு வாசனைக் கடையில் என்ன வேலை? அதனால் நடிக்கத் தொடங்கினேன். சந்தனத்தை நிறத்தையும் கனத்தையும் பார்த்துத் தரம் பிரித்தேன். அத்தர் வாங்க வருகிறவர்களின் மணிக்கட்டில் ஒரு சொட்டு தடவிவிட்டு, அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். புருவம் லேசாக ஏறினால் ஒரு அர்த்தம், உதடு பிரிந்தால் ஒரு அர்த்தம், கண் சொருகினால் வேறு அர்த்தம். "இது ஒங்களுக்குக் கொஞ்சம் காட்டமா இருக்கு, இல்லையா?" என்பேன். அவர்கள் அசந்துபோவார்கள். இப்படியே ஏழெட்டு மாதம் ஓட்டிவிட்டேன்.

அந்த ஓணத்துக்கு, முதலாளி ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்காக நாகர்கோவில் போயிருந்த சமயத்தில், தம்பானூர்ப் பக்கம் இருந்த ஒரு சினிமாக் கொட்டகையின் மானேஜர் கடைக்கு வந்தார். மலையாளி. நெடுநெடுவென்று உயரம், வெற்றிலைச் சிவப்பு உதடு, எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும் மனுஷர்.

"அப்பீ, மூக்கன் ஆரு?" என்றார். அந்த ஊரில் பையனை அப்பீ என்பார்கள்.

நான்தான் என்றேன். மலையாளமும் தமிழும் கலந்து அவர் சொன்னது இதுதான். ஓணத்துக்கு ஒரு தமிழ்ப் படம் வருகிறது. அந்தக் காலத்து அரண்மனைக் கதை. அரண்மனையில் பெண்கள் ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். எல்லாரும் கூந்தலில் தாழம்பூ வைத்தவர்கள். கொலைகாரனின் முகத்தைக் கடைசிவரை காட்டுவதில்லை. ஆனால் அவன் வருவதற்கு முன்னால் தாழம்பூ வாசனை வரும். செத்துப்போன ஒருத்தியின் நினைவாக அவன் எப்போதும் அந்தப் பூவை மடியில் வைத்திருக்கிறவன். அந்த வாசனையை வைத்தே ஒரு குருட்டுப் பெண் கடைசியில் அவனைப் பிடித்துக்கொடுக்கிறாள்.

"ஆ மணம் கொட்டகைக்குள்ள வரணம். திரையில வரும்போ ஜனத்தின்றெ மூக்கிலும் வரணம். இந்தியாவில ஒரு கொட்டகையிலும் இது இல்ல. மணம் அறியுந்ந ஆளு வேணம். நீ தன்னெ வா."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். முதலாளி வரட்டும் என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் 'மூக்கன்' மறுத்தால் ஏன் என்று கேட்பார்களே! அந்தப் பயமும் கொஞ்சம் பழைய தலைக்கனமும் சேர்ந்து, "அதுக்கென்ன சார், ஜமாய்ச்சிரலாம்" என்று சொல்லவைத்தன.

வடக்கே இருந்து வரும் தாழம்பூ அத்தர் யுத்தத்தால் நின்றுபோய் மாதக்கணக்காகியிருந்தது. என்ன செய்வது என்று கிடங்கைத் துழாவியபோது, மூலையில் ஒரு மரப்பெட்டியில் பெரிய குப்பிகள் கண்ணில் பட்டன. கம்பெனிச் சீட்டு கரையான் அரித்துப் போயிருந்தது. பெட்டியின் மேல் முன்பு கிடங்கு பார்த்தவர் மலையாளத்தில் சாக்கட்டியால் எழுதிவைத்திருந்தார்: 'கைத.'

மலையாளத்தில் தாழைக்குக் கைத என்று பெயர். தாழம்பூ கைதப்பூ. இரண்டு வருஷமாகத் திருவனந்தபுரத்தில் இருக்கிறேனே, அது தெரியாதா எனக்கு? பழவங்காடி கணபதிக்கு ஒரு தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டு பெட்டியோடு தூக்கிக்கொண்டேன். வேறு யாராக இருந்தாலும் ஒரு குப்பியைத் திறந்து மோந்து பார்த்திருப்பார்கள். எனக்குத் திறந்தாலும் ஒன்றுதான், திறக்காவிட்டாலும் ஒன்றுதான். திறக்கவில்லை.

முதல் நாள் மூன்று மணி ஆட்டம். கொட்டகை நிரம்பி வழிந்தது. முன்னால் தரை, பிறகு பெஞ்சு, பின்னால் நாற்காலி. பெண்கள் பக்கம் தனியாகத் தட்டி கட்டியிருந்தது. திரைக்குப் பக்கத்தில் ஒரு மறைப்புக்குப் பின்னால் எனக்கு இடம். இரண்டு மின்விசிறி, அவற்றின் முன்னால் கொடியில் ஈரத்துணி, கையில் குப்பி. மானேஜர் பின்னால் நாற்காலிக்காரர்களோடு நின்றிருந்தார்.

முதல் கொலைக் காட்சி வந்தது. அரண்மனைக் குளக்கரையில் ஒரு தாதி தனியாகத் தண்ணீர் மொள்கிறாள். தலையைத் தூக்குகிறாள். "இதென்ன, தாழம்பூ வாசனை வருகிறதே!" என்று நடுங்குகிறாள். நான் குப்பியைத் துணியில் ஊற்றி விசிறியைப் போட்டேன்.

வாசனை பரவக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிறகு தரையில் இருந்து ஒரு குரல் எழுந்தது.

"எடே, கைதச்சக்க! ஆரோ சக்க முறிக்கணு!"

கொட்டகை முழுக்கச் சிரிப்பு. "ஒரு கஷ்ணம் இங்ஙோட்டும் தா!" என்று இன்னொருவன் ஒரு துண்டு கேட்டுக் கத்தினான். பெண்கள் பக்கத்தில் ஒரு குழந்தை சர்பத் கேட்டு அழத் தொடங்கியது. திரையில் தாதியின் கழுத்தைக் கயிறு இறுக்குகிறது, அவள் கை துடிக்கிறது, சனங்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள்.

மறைப்புக்குப் பின்னால் இருந்த எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கைதச்சக்கை என்று அவர்கள் கத்தியது காதில் விழுந்தும் மண்டையில் ஏறவில்லை. வாசனை போதாமல்தான் கேலி செய்கிறார்கள் என்று நினைத்தேன். அதனால் இரண்டாவது குப்பியையும் ஊற்றினேன். மூன்றாவதையும் ஊற்றினேன்.

மானேஜர் ஓடி வந்தார். "எந்தரடா அப்பீ இது!" என்று விசிறியை நிறுத்தினார். குப்பியைப் பிடுங்கி என் மூக்கின் கீழே நீட்டினார். "மணத்து நோக்கு!"

நான் மோந்து பார்த்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். கோபம் மட்டும்தான் தெரிந்தது, வேறொன்றும் படிக்க முடியவில்லை. வேறு வழியில்லாமல், பழக்க தோஷத்தில், "நல்ல தாழம்பூ மணம் சார், அசல் சரக்கு" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கோபம் போய்விட்டது. அதைவிட மோசமாக, அந்த முகத்தில் இரக்கம் வந்தது. குப்பியை மெல்லக் கீழே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தப் பெட்டி ஓணத்துக்குச் சாலையில் சர்பத் கடைக்காரர்கள் வாங்கிப்போகும் அன்னாசி எசன்ஸாம். அன்னாசிக்கு மலையாளத்தில் கைதச்சக்கை. இலை தாழை மாதிரி இருப்பதால் வந்த பெயர். சர்பத் கடைக்காரர்கள் அதைச் சுருக்கிக் 'கைத' என்றே சொல்வார்களாம், கிடங்குக்காரரும் அப்படியே எழுதிவைத்திருக்கிறார். இவ்வளவும் எனக்கு அன்று ராத்திரி முதலாளி சொல்லித்தான் தெரியும். அன்று சாயங்காலம் எனக்குத் தெரிந்ததெல்லாம் தெருவில் நடக்கும்போது பின்னால் "கைதச்சக்க, கைதச்சக்க" என்று கேட்ட குரல்கள்தான்.

கடைக்குப் போனால் முதலாளி ஊரிலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார். விஷயம் அவருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. "கண்ண மூடு" என்றார். மூடினேன். ஏதோ மூக்கின் அருகில் வந்தது. "என்னது?" என்றார். "சூடம்" என்று குருட்டாம்போக்கில் சொன்னேன். கண்ணைத் திறந்தேன். அவர் கையில் பெருங்காயம் இருந்தது. பெருங்காயம்! பிறந்த குழந்தைகூட முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

"எத்தன நாளாடே இது?"

"ஏணியில இருந்து விழுந்த நாள்ல இருந்து, மொதலாளி."

"எங்கிட்ட எதுக்குடே மறச்ச?"

எனக்கு அழுகைதான் வந்தது. முதலாளி பெருங்காயத்தை மடித்து வைத்தார். வார்த்தை காட்டமாக வரும் மனுஷர், அன்றைக்குக் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"கேட்டியா, ஒன் மூக்கு போனது ஒன் குத்தமில்ல. ஆனா என் கட பேரச் சொல்லி ஊரு சிரிச்சிட்டு. கொட்டகைக்காரரு நாளையோட படத்தத் தூக்கிரலாம்னு சொல்லுகாரு. நாள சாயங்காலம் ஆட்டத்துக்கு நானும் வாறேன். அந்தக் கொட்டகையில தாழம்பூ மணக்கணும். சிரிப்புச் சத்தம் கேட்டா, நீ மறுநா காலம்பற நாகருகோயில் பஸ் ஏறிரு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

விடிந்தும் விடியாமலும் கிளம்பினேன். பழவங்காடியில் நின்று வேண்டிக்கொண்ட தேங்காயை உடைத்தேன். அந்த இடத்தில் எந்நேரமும் உடைத்த தேங்காய் மணக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். எனக்கு ஈரத் தரை மட்டும்தான் தெரிந்தது. அங்கிருந்து நடந்து வள்ளக்கடவுக்குப் போய், கால்வாயில் வேளிப் பக்கம் போகும் ஒரு வள்ளத்தில் ஏறினேன். கால்வாய்க் கரை நெடுகத் தாழம்புதர் மண்டிக் கிடக்கும் என்று கேள்வி. அத்தர் இல்லாவிட்டால் பூவையே கொண்டுவருவது என்று முடிவு.

புதர் இருந்தது. பூதான் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. முள்ளு முள்ளாக, ஒரு ஆள் உயரத்துக்கு இலை. மற்றவர்கள் மணத்தை வைத்துத் தேடிப் போவார்கள். நான் கண்ணை வைத்துத் தேடினேன், கையெல்லாம் கிழிந்தது. அப்போது பக்கத்தில் ஒரு பெண் அரிவாளோடு தாழை ஓலை வெட்டிக்கொண்டிருந்தாள். பாய் முடைகிறவள். என் வயதுதான் இருக்கும்.

"எந்தர் வேணம்?" என்றாள்.

"கைதப்பூ."

"பூஜைக்கா?"

"சினிமாவுக்கு."

அவள் அரிவாளைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். நான் இருந்த இருப்பில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அன்னாசியையும் சேர்த்து. இன்னும் சிரித்தாள். பிறகு முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு புதருக்குள் நுழைந்து ஒவ்வொரு பூவாக வெட்டித் தந்தாள். எது முற்றினது, எது இன்னும் ஓலை பிரியாதது என்று அவள் ஒவ்வொன்றையும் மூக்கருகில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு என் பக்கம் எறிந்தாள். சிலவற்றை நானே பொறுக்கிக் கூடையில் போட்டேன், சிலவற்றைத் தள்ளிவைத்தேன்.

கூடை நிறையும் சமயத்தில் அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நினக்கு மணம் அறிஞ்ஞுகூடா என்னு பறஞ்ஞல்லோ. பின்னெ எங்ஙன நல்ல பூ மாத்றம் எடுக்கணது?"

"நல்ல பூவா எப்படிப் பொறுக்கினேன்னு எனக்கே தெரியலையே" என்றேன்.

"ஞான் கண்டு. நீ பூவ நோக்கணில்ல. என்றெ மொகத்த நோக்கணு!"

நான் கூடையைப் பார்த்தேன். தேறாத பூ ஒன்றுகூட அதில் இல்லை. சரக்கை விட்டு முகத்தைப் பார்ப்பது, ஏழெட்டு மாதமாக நான் செய்துகொண்டிருந்ததைத்தான் அவள் சொன்னாள். நான் அதை ஒரு திருட்டுத்தனம் என்று நினைத்து வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். வெளியாள் ஒருத்தி சிரித்துக்கொண்டு சொன்னபோதுதான், அதுவும் ஒரு கெட்டிக்காரத்தனம்தானே என்று முதல்முறையாகத் தோன்றியது. சாயங்காலம் வந்து படம் பார்க்க வேண்டும் என்று அவளை வருந்தி அழைத்துவிட்டு வள்ளம் ஏறினேன்.

மானேஜர் என்னைக் கொட்டகை வாசலிலேயே மறித்தார். "நினக்கு மூக்கில்ல. ஞான் எங்ஙன விஸ்வசிக்கும்?"

"எனக்குத்தான் மூக்கில்ல சார். ஒங்க கொட்டகையில நானூறு மூக்கு இருக்கே" என்றேன். அவர் அரைமனதோடு வழிவிட்டார்.

மூன்று மணி ஆட்டத்தில் காட்சிக்குக் காட்சி வாசனை விடவில்லை. இடைவேளையில் மட்டும் சோதனை செய்தேன். பெரிய வார்ப்பு அண்டாவில் கொதிநீர், அதில் கிழித்துப் போட்ட தாழம்பூ, மேலே ஈரச் சாக்கு மூடி. மூடியைத் திறந்து விசிறியைப் போட்டுவிட்டு மறைப்புப் பலகையின் இடுக்கு வழியாக முகங்களைப் பார்த்தேன். தரையில் இருப்பவர்கள் பீடியை வாயிலிருந்து எடுக்கிறார்கள். கொஞ்சம் பொறுத்துப் பெஞ்சில் தலைகள் திரும்புகின்றன. இன்னும் கொஞ்சம் பொறுத்து நாற்காலியில் ஒரு வக்கீல் துண்டால் விசிறுவதை நிறுத்துகிறார். மனசுக்குள் எண்ணிக்கொண்டேன். தரைக்கு முப்பது, பெஞ்சுக்கு ஐம்பது, நாற்காலிக்குத் தொண்ணூறு.

இன்னொன்றும் கண்டேன். அதுதான் முக்கியம். மணம் வந்ததும் யாருக்கும் உடனே இது தாழம்பூ என்று தெரிந்துவிடுவதில்லை. முதலில் முகம் மாறுகிறது. பிறகு அக்கம்பக்கம் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகுதான் 'ஓ, இதுவா' என்கிற தெளிவு வருகிறது. நேற்று தாதி 'தாழம்பூ வாசனை' என்று சொன்ன பிறகு குப்பியைத் திறந்தேனே, அதில் தாழம்பூவே இருந்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் நடந்திருக்காது. அவள் சொல்வதற்கு முன்னால் வர வேண்டும்.

ஆறரை மணி ஆட்டம். கூட்டம் நிரம்பியிருந்தது, ஆனால் எதற்கு வந்திருந்தார்கள் என்று எனக்குத் தெரியும். தரையில் நாலைந்து பேர் கையில் அன்னாசித் துண்டோடு வந்து உட்கார்ந்திருந்தார்கள். கடைசி வரிசையில் முதலாளி. அவருக்குப் பக்கத்தில் மானேஜர், தூக்குக்குப் போகிறவர் மாதிரி நின்றார். பெண்கள் பக்கத் தட்டி ஓரத்தில், தரையில், பாய் முடைகிறவள் தன் ஆட்கள் நான்கைந்து பேரோடு வந்திருந்தாள்.

திரையில் குளக்கரை வந்தது. தாதி குடத்தோடு படியிறங்குகிறாள். "கைதச்சக்க வரணு!" என்று எவனோ தயாரானான். சிரிப்பு கிளம்பியது. சாக்கை எடுத்தேன். விசிறியைப் போட்டேன். எண்ணத் தொடங்கினேன்.

இருபத்தெட்டு. இருபத்தொன்பது. அன்னாசித் துண்டை வாய்க்குக் கொண்டுபோனவன் கை அப்படியே நின்றது. பக்கத்தில் இருந்தவன் கழுத்தைத் திருப்பினான். பெஞ்சுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. திரையில் இன்னும் ஒன்றுமே நடக்கவில்லை. தாதி பாட்டை முணுமுணுத்துக்கொண்டு தண்ணீர் மொள்கிறாள், பாவம், அவளுக்கு இன்னும் தெரியாது. கொட்டகைக்குத் தெரிந்துவிட்டது. தட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் தன் பின்னலில் சொருகியிருந்த தாழம்பூ மடலை அவசர அவசரமாகப் பிடுங்கி மடியில் ஒளித்தாள்.

அப்போதுதான் திரையில் தாதி தலையைத் தூக்கினாள். "இதென்ன..."

அவள் மீதியைச் சொன்னது யாருக்கும் கேட்கவில்லை. "அய்யோ, ஓடிக்கோ!" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரே அலறல். முந்தின நாள் சிரிப்பாய்ச் சிரித்த அதே இடத்தில்! சாக்கை மூடிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆனால் உட்கார நேரமில்லை. கடைசிக் காட்சி இருக்கிறதே. ராஜசபை. எல்லாரும் வரிசையாக நிற்கிறார்கள். குருட்டுப் பெண் ஒவ்வொருவர் முன்னாலும் நின்று மோந்து பார்த்துக்கொண்டு போகிறாள். தளபதியைத்தான் எல்லாரும் சந்தேகப்படுகிறார்கள். அவன் பார்வையும் அப்படி. உண்மையான கொலைகாரன் அரண்மனை வைத்தியர். சாந்தமான கிழவர், படம் முழுக்க எல்லாரையும் தேற்றிக்கொண்டே வருபவர். அந்தப் பெண் வைத்தியர் முன்னால் நின்ற பிறகு வாசனை வர வேண்டும் என்பது மானேஜரின் கட்டளை. முன்னால் வந்தால் கதை போய்விடுமாம்.

நான் அந்த ஒரு கட்டளையை மட்டும் மீறினேன். வைத்தியர் ராஜாவின் அருகில் குனிந்து, "அஞ்ச வேண்டாம், பிரபு" என்று அன்பாகச் சொல்லுமிடத்துக்கு முப்பது எண்ணிக்கை முன்னாலேயே, அவள் அவரை நெருங்க இன்னும் ஆறு ஆள் இருக்கும்போதே, சாக்கை எடுத்துவிட்டேன்.

இடுக்கில் கண்ணை வைத்தேன். தரையில் முகங்கள் மாறின. சுற்றும் முற்றும் பார்த்தார்கள். திரையைப் பார்த்தார்கள். திரையில் அந்தக் கிழவரின் முகம் மட்டும்தான் பெரிதாக இருந்தது. ஒரு நொடி. இரண்டு நொடி.

பாய் முடைகிறவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"வைத்யன்! எடீ, வைத்யனாணு!"

அவ்வளவுதான். தரை எழுந்தது, பெஞ்சு எழுந்தது. "வைத்யன்! வைத்தியன்தான்! பிடி அவன!" என்று மலையாளமும் தமிழுமாகக் கொட்டகையே இரைந்தது. திரையில் குருட்டுப் பெண் இன்னும் தளபதி முன்னால் நிற்கிறாள். "அவனில்லம்மா, அங்க போ, அங்க போ!" என்று சனங்கள் கையைக் காட்டி வழி சொல்கிறார்கள். அவள் ஒவ்வொரு அடியாக வர வர இரைச்சல் கூடுகிறது. கடைசியில் வைத்தியர் முன்னால் நின்று அவர் மடியிலிருந்து வாடிய தாழம்பூவை உருவினாளே, அப்போது எழும்பிய கைத்தட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்ததே தாங்கள்தான் என்ற பெருமை அத்தனை முகத்திலும் இருந்தது.

அன்னாசிக்காரர்களைத் தேடினேன். எல்லாரும் துண்டுகளைத் தலைக்கு மேல் வீசி எறிந்து கத்திக்கொண்டிருந்தார்கள்.

பிறகு கடைசி வரிசையைப் பார்த்தேன். முதலாளி எழுந்து நிற்கவில்லை. கண்ணை மூடி, தலையைப் பின்னால் சாய்த்து, மூச்சை ஆழமாக இழுத்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை நான் நூறு முறை கடையில் பார்த்திருக்கிறேன். அசல் சரக்கு வந்திறங்கும்போது மட்டும்தான் அப்படி ஆவார். நான் ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

மானேஜர் ஓடிவந்து என்னை அப்படியே தூக்கிவிட்டார். கதை போய்விட்டது என்று திட்டுவார் என நினைத்தேன். "அப்பீ, நாளையும் ஆறு ஆளுக்கு முன்னே தன்னெ திறக்கணம், கேட்டோ?" என்று கெஞ்சினார். முதலாளி வெளியே நின்றிருந்தார். பக்கத்தில் போனேன்.

"நாள எத்தன மணிக்குக் கட தொறப்ப?" என்றார்.

"எப்பவும் போல, மொதலாளி."

"செரி. இனி கிடங்குப் பக்கம் போகாத. சரக்க மோந்து பாக்க வேற ஆளு வச்சுக்கிடலாம். நீ முன்னால இருந்துக்கோ. வாறவன் மொகத்த ஒன்ன மாதிரி எவன்டே பாப்பான்?"

அந்தப் படம் ஓணம் முடிந்து புரட்டாசியிலும் ஓடியது. 'மணக்குந்ந சினிமா' என்று பெயர் பரவி, நெய்யாற்றின்கரையிலிருந்தும் ஆற்றிங்கலிலிருந்தும் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். கோட்டைக்குள்ளிருந்து வரும் பெரிய வீட்டுப் பெண்கள் வீம்புக்கென்றே பின்னலில் தாழம்பூ வைத்துக்கொண்டு வந்து, குளக்கரைக் காட்சி வந்ததும் முந்தானையால் தலையை மூடிக்கொள்வார்கள். கூடை கூடையாகப் பூ வெட்டித் தந்தவள் அந்தப் பாய் முடைகிறவள்தான். 'மூக்கன்' என்ற பெயரும் போகவில்லை. சாலையில் இப்போது அதை ஒரு மரியாதையோடு கூப்பிட்டார்கள், நானும் கூச்சமில்லாமல் திரும்பிப் பார்த்தேன். இருந்தாலும் எனக்குப் பழம் நறுக்கித் தரும்போதெல்லாம் முதலாளி மறக்காமல் அன்னாசியைத்தான் தருவார்.

என் மூக்கு திரும்பி வரவேயில்லை. ஆனால் அந்த நாளுக்குப் பிறகு எனக்கு மணம் தெரியாது என்பதை யாரிடமும் மறைத்ததுமில்லை, அதற்காக வெட்கப்பட்டதுமில்லை. இன்றைக்கும் எங்காவது தாழம்பூவைப் பார்த்தால், அந்த இடுக்கு வழியாக நான் கண்ட நானூறு முகங்களும் திரை வெளிச்சத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மலர்வது தெரிகிறது. அந்தக் கொட்டகையில் அன்று தாழம்பூவை முழுசாக அனுபவித்தவன் நான் ஒருவன்தான் என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டும்.